பை முக்கால்வாசி எடுக்கணும்

எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு டாக்டர் பார்க்கப் போனேன். தேனியில் ஒரு கர்ப்பப்பை ஆஸ்பத்திரியில், பதினேழாம் டோக்கனைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் விஷயம் சின்னமனூர் பூராவும் பரவிவிட்டது. மாசக்கணக்கில் ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இங்கே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இதற்கு மேல் யாரும் போன் பண்ண வேண்டாம்.

அப்போது என் எடை நூற்று இருபத்தெட்டு கிலோ. வயது அறுபத்து நாலு. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பது வருஷம் பஸ்ஸை ஓட விட்டுவிட்டு நான் உட்கார்ந்தே இருந்தேன்.

என் சர்க்கரை டாக்டர் மூணு வருஷம் அதட்டிப் பார்த்தார். அன்றைக்கு அதட்டவில்லை. மெதுவாகப் பேசினார்.

"இன்சுலின் ஏறிக்கிட்டே போகுது. ஹார்ட்டும் களைச்சுப் போச்சு. இப்படியே விட்டா நான் பொறுப்பில்ல. இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணிக்கங்க. முக்கால்வாசியை எடுத்துருவாக. நல்ல சர்ஜனா பாருங்க, அதுதான் முக்கியம்."

"யாரு?"

"அத நீங்கதான் தேடணும். நாலு பேரைப் பாருங்க. விசாரிங்க. மனசுக்குச் சரின்னு படுற ஆள முடிவு பண்ணிட்டு ஒரு மாசத்துக்குள்ள சொல்லுங்க."

நாலு பேர். கல்யாணத்துக்கே நான் ஒரு பெண்ணைத்தான் பார்த்தேன்.

வீட்டில் வந்து இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரி ஜெயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "நானும் ஒரே ஆளத்தான் பாத்தேன். அதான் இப்படி" என்றாள்.

கோயம்புத்தூரில் இருக்கிற மகன் போனில் பத்து டாக்டர் லிங்க் அனுப்பினான். "ரிவ்யூ படிச்சுப் பாருங்கப்பா." திறந்தேன். எல்லாருக்கும் நாலரை ஸ்டார். ஒரு புண்ணியவான், கார் நிறுத்த நல்ல இடம் இருக்கிறது என்று எழுதி அஞ்சு ஸ்டார் போட்டிருந்தார். வயிற்றை அறுக்கக் கொடுக்கப் போகிறவனுக்குக் கார் நிறுத்த இடம் எதற்கு. மூடிவிட்டேன்.

எனக்கு என் வழி இருக்கிறது. டைம் கீப்பர் வழி. ஒரு ஓட்டல் நல்ல ஓட்டலா, ஒரு ஜவுளிக்கடை நல்ல கடையா என்று தெரிய வேண்டுமா? அந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று கண்டக்டரைக் கேட்டால் போதும். விளம்பரம் பொய் சொல்லும். டிக்கெட் சொல்லாது.

கம்பம் தேனி வண்டியில் கண்டக்டர் கருப்பசாமி எனக்குப் பழக்கம். சின்னமனூர் ஸ்டாண்டில் வண்டி கிளம்புகிற நேரம். படிக்கட்டில் நின்றவனைப் பிடித்தேன்.

"ஏலே கருப்பசாமி, பை ஆபரேஷனுக்கு நல்ல டாக்டர் யாருடா?"

தப்பு இங்கேதான் நடந்தது. இரைப்பை என்று சொல்லியிருக்க வேண்டும். 'இரை'யை விட்டுவிட்டேன். 'தேனி எடு, கம்பம் எடு' என்று முப்பது வருஷம் மைக்கில் கத்திய வாய். ஒரு வார்த்தை பாதியில் புரியும் என்றால் மீதிப் பாதி எனக்கு வராது.

நம் பக்கம் பை எடுத்துட்டாக என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கர்ப்பப்பை. அது உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். என் மதினிக்கே எடுத்தார்கள். ஆனால் என் வயிற்றை நினைத்துக்கொண்டு இருந்தவனுக்கு மதினி வயிறு ஞாபகம் வரவில்லை.

கருப்பசாமி யோசிக்கவே இல்லை.

"பை ஆபரேஷனா? தேனியில அந்த டாக்டரம்மாதாண்ணே. கைராசின்னா அப்படியொரு கைராசி. நம்ம வண்டியில வர்ற கூட்டத்துல காவாசி அங்கனதான் எறங்குது. கூடலூரு, கம்பம், குமுளியில இருந்து மலையாளத்துக்காரக கூட வாராக. எங்க அத்தைக்கு அங்கனதான் எடுத்தாக."

"எளைச்சாளா?"

"முத ரெண்டு மாசம் பாதியா எளைச்சுட்டாண்ணே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தோட்டத்து வேலைக்கே போறா."

எனக்குத் திருப்தி. விசில் அடித்துவிட்டான். வண்டி போய்விட்டது. ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஆன நேரம் ஒன்றரை நிமிஷம். இதற்குப் போய் ஒரு மாசம் கொடுத்தாரே என்று சர்க்கரை டாக்டரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"பேஷண்ட் பேரு?"

"சிவகாமிநாதன்."

நின்றது பஸ் ஸ்டாண்ட். பக்கத்தில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. 'நாதன்' அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

"வயசு?"

"அறுபத்தி நாலு."

"என்ன தொந்தரவு?"

"பை."

"எடுக்கணும்னு சொல்லிட்டாகளா?"

"முக்கால்வாசி எடுக்கணும்."

"முக்கால்வாசியா சார்?"

"ஆமா. கால்வாசி இருக்கட்டும்."

"அத டாக்டர் பாத்து முடிவு பண்ணுவாக. வியாழக்கிழமை காலையில வந்துருங்க."

வியாழக்கிழமை ஜெயா சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எங்க?"

"உங்ககூடத்தான். நாலு வார்த்த கேக்கணும்ல. நீங்க எங்க கேக்கப் போறீக?"

"கேக்க என்ன இருக்கு? கைராசிக்காரக. நாள் சொல்வாக, போவோம், அறுப்பாக, வருவோம்."

அவளை விட்டுவிட்டுப் போனேன்.

ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி. போர்டில் டாக்டர் பேருக்குப் பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது. படிக்கக் கண்ணாடி எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. உள்ளே கூட்டம். கருப்பசாமி சொன்னது சரிதான்.

கவுண்டரில் டோக்கன் கொடுத்த பெண் குனிந்தபடியே மளமளவென்று சொன்னாள். "சிவகாமியா? டோக்கன் பதினேழு. ஸ்கேன் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிரணும். பாத்ரூம் போகக் கூடாது. முட்டிக்கிட்டு வந்தப்புறம் சொல்லணும்."

யார் குடிக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. சிவகாமிநாதனைத்தான் சிவகாமி என்று சுருக்கிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நானே சுருக்குகிறவன், அடுத்தவர் சுருக்கினால் தப்பா?

ஒரு லிட்டர் குடித்தேன்.

உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். பூராவும் பெண்கள். உடம்பைப் பற்றி ஆம்பளை எவன் கவலைப்படுகிறான், வந்திருக்கிறவர்கள் விவரமானவர்கள் என்று நினைத்தேன். ரெண்டு பேருக்கு நல்ல பெரிய வயிறு. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெம்பு வந்தது. எதிர்ச் சுவரில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை படம். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதை எழுதும்போது எனக்கே என் மண்டையில் ஒன்று போடலாம் போல இருக்கிறது.

ஒரு மணி நேரம் ஆனது. சர்க்கரைக்காரனுக்குத் தண்ணீர் அடங்காது. காலை மாற்றிப் போட்டேன். வேட்டியை இறுக்கினேன். குழந்தை படத்தைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது எந்த நேரமும் ஈரம் பண்ணிவிடுகிற மாதிரி இருந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம். கவுண்டருக்குப் போனேன். "முட்டிக்கிட்டு வந்துருச்சு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "பாத்ரூம் அந்தப் பக்கம் சார்." "போகக் கூடாதுன்னீகளே?" "உங்களையா சொன்னேன்?" அதற்குள் அவளுக்குப் போன் வந்துவிட்டது. போகலாமா கூடாதா என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். விதி என்றால் விதி. ஒரு நிமிஷம் லேட்டாக வந்த டிரைவருக்கே மெமோ கொடுத்தவன் நான்.

கடைசியில் நர்ஸ் வெளியே வந்து கூப்பிட்டாள். "பதினேழு. சிவகாமி."

நான் எழுந்தேன்.

"சிவகாமி அம்மா எங்க ஐயா?"

"நான்தான்."

"நீங்க கூட வந்தவக. பேஷண்ட் எங்க? தண்ணி குடிச்சாகளா?"

"குடிச்சது நான்தான். பேஷண்டும் நான்தான். பை எடுக்கணும்."

கூடத்தில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷி, எழுபது வயசுக்கு மேல் இருக்கும், என் வயிற்றைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினாள்.

"எத்தன மாசம்யா?" என்றாள்.

அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் யார் சிரிக்கவில்லை என்று கேளுங்கள். நர்ஸ் என் கையில் இருந்த சர்க்கரை டாக்டர் சீட்டை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே ஓடினாள். உள்ளே டாக்டரம்மா சிரிப்பதும் எனக்குக் கேட்டது. நர்ஸ் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஐயா, இது கர்ப்பப்பை ஆஸ்பத்திரி. உங்களுக்கு இரைப்பை. அதுக்கு வேற சர்ஜன். மதுரைக்குப் போங்கன்னு டாக்டர் சொல்லச் சொன்னாக."

"பாத்ரூம் போகலாமா?"

"தாராளமா போங்க."

அந்த ரெண்டு வார்த்தை மாதிரி ஒரு நல்ல வார்த்தை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்டதில்லை.

திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தேன். "ஐயா, ஒரு நிமிசம்" என்று ஒரு குரல். பச்சைச் சேலை கட்டிய பெண், நாற்பது வயது இருக்கும். கழுத்தில் தையல்காரர்கள் போடுகிற அளவு டேப். கழற்ற மறந்து பஸ் ஏறிவிட்டாள் போல. வெற்றிலைக் கிழவிக்குப் பக்கத்தில் இருந்தவள்.

"எங்க மாமியா வாயி அப்படித்தான், மனசுல வச்சுக்கிராதீக. எடை குறைக்கிற ஆபரேஷனா உங்களுக்கு?"

"ம்."

"நான் பண்ணிட்டேன். மூணு வருசமாச்சு. நூத்திப் பதினாலு கிலோ இருந்தேன்."

பார்த்தேன். அவளைப் பார்த்தால் நூற்றுப் பதினாலு கிலோவைத் தூக்கிக்கூடப் பார்த்த ஆள் மாதிரி இல்லை.

"யாரு டாக்டர்? பேரைச் சொல்லு, கெளம்புறேன்."

"நீங்க எந்த டாக்டரப் பாத்தீக, என்னென்ன கேட்டீக, அதச் சொல்லுங்க மொதல்ல."

கருப்பசாமி கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஐயா, நான் தேவாரத்துல தையக்கடை வச்சிருக்கேன். ஒரு ஜாக்கெட் துணி குடுக்க வர்றவ எங்கிட்ட பத்து கேள்வி கேக்குறா. கை இறுக்குமா, கழுத்து ஏறுமா, சரியா வராட்டி பிரிச்சுத் தச்சுக் குடுப்பியா, ஏற்கெனவே தச்சவ யாரு, காட்டு. எல்லாம் கேட்டுட்டுத்தான் துணிய விட்டுட்டுப் போறா. நீங்க வயித்தக் குடுக்கப் போறீக. ஒண்ணுமே கேக்கலையா?"

டோக்கன் சீட்டை மடித்துப் பிரித்துக்கொண்டு நின்றேன்.

பதில் இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆபத்து இருக்கிறது என்பார்கள். உன் ஹார்ட் தாங்குமா தெரியாது என்பார்கள். யாரிடமாவது கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைக் கொடுத்துவிட்டால் அதெல்லாம் காதில் விழாது. நான் பொறுமை இல்லாதவன் என்று ஊரே சொல்கிறது. நான் பயந்தவன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் தையல்காரப் பெண்ணுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"டோக்கன் சீட்டக் குடுங்க" என்றாள். பின்பக்கம் திருப்பிக் கொடுத்தாள். "எழுதுங்க. இந்த ஆபரேஷன மட்டும் எத்தன வருசமா, எத்தன பேருக்குப் பண்ணியிருக்கீக? எனக்கு எதுக்கு இந்த வகை, வேற வகை ஏன் வேண்டாம்? தச்ச எடத்துல ஒழுகுனா என்ன பண்ணுவீக, இங்கனயே பாப்பீகளா, வேற ஊருக்கு அனுப்புவீகளா? ஆபரேஷன் முடிஞ்சப்புறம் சாப்பாட்டுக்கும் சத்து மாத்திரைக்கும் யாரு பாப்பாக, எத்தன நாளைக்கு? கடைசியா, உங்ககிட்ட பண்ணிக்கிட்ட ஒருத்தருகிட்ட நான் பேசணும். அவ்வளவுதான்."

"உன் டாக்டர் பேரு?"

"சொல்ல மாட்டேன். என் அளவுச் சட்டை உங்களுக்குச் சேராது. போய்க் கேளுங்க. கூட வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போங்க. அறுக்குறது ஒரு நாளு, ஆக்கிப் போடுறது அவுகதான வருசம் பூரா."

உள்ளே இருந்து கிழவி சத்தம் போட்டாள். "ஏத்தா, அந்தப் பிள்ளத்தாச்சிகிட்ட என்ன பேச்சு, டோக்கன் கூப்பிடுறாக வா."

அவள் திரும்புவதற்குள் அவள் பேரையாவது கேட்டு வைத்துக்கொண்டேன்.

மறுவாரம் ஜெயாவோடு மதுரை போனேன்.

முதல் சர்ஜன் அறை ஏசி. சுவர் நிறைய ஆபரேஷனுக்கு முன்னால், பின்னால் எடுத்த படங்கள். சிரித்த முகம். முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்னார். ரெண்டாவதுக்கும் சொன்னார். "தச்ச எடத்துல ஒழுகுனா?" என்றேன்.

"அதெல்லாம் நம்மகிட்ட வரவே வராது சார்."

எழுந்துவிட்டேன். ஜெயா கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, நல்லாத்தான பேசுறாக?"

வெளியே வந்து சொன்னேன். "என் வண்டி பிரேக்டவுனே ஆகாதுன்னு சொன்ன டிரைவர நான் மலை ரூட்டுல விட்டதில்ல."

அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தாள்.

ரெண்டாவது சர்ஜன் ஒல்லி. என்னை மாதிரியே பேச்சு கம்மி. சீட்டை வாங்கி அவரே படித்தார். "லீக் ஆகலாம். எல்லாருக்கும் ஆகாது. ஆனா இங்கதான் பாப்போம், ராத்திரி டூட்டிக்கு இன்னார் இருப்பாங்க" என்று ஆளைக் கூப்பிட்டே காட்டினார். என் ஹார்ட் எப்படி என்று கேட்டதற்கு, "தெரியல. ஹார்ட் டாக்டர் பாத்து எழுதிக் குடுக்கட்டும், அப்புறம்தான் நான் சரிம்பேன்" என்றார். சாப்பாடு சொல்கிற பெண்ணிடம் ஜெயாவை உட்கார வைத்தார். அவள் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டாள். அவரிடம் ஆபரேஷன் பண்ணிக்கொண்ட ஒரு வாத்தியாரோடு போனில் பேச வைத்தார். வாத்தியார் முதல் மாசம் பட்ட பாட்டை ஒளிக்காமல் சொன்னார். பாதியில் போனை ஜெயா கையில் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் சர்ஜன் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் கேட்டுட்டீங்க. நான் ஒண்ணு கேக்கவா? பயமா இருக்கா?"

ஜெயா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன்.

நாற்பது வருஷத்தில் அவள் அதை என் வாயால் கேட்டதில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இவுகளே இருக்கட்டும்" என்று அவள்தான் முதலில் சொன்னாள். எனக்கும் அதே முடிவு.

ஹார்ட் டாக்டர் எழுதிக் கொடுத்தார். அறுத்தார்கள். ஏழு மாசம் ஆகிறது. முப்பத்தாறு கிலோ போய்விட்டது, இன்சுலின் பாதியாகிவிட்டது. அரை இட்லியில் வயிறு நிறைகிறது. கருப்பசாமி வண்டியில் இப்போது ஒரு சீட்டில் ஒரு ஆளாக உட்காருகிறேன்.

அட்மிஷன் அன்றைக்கு நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். கவுண்டரில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். 'உங்களை அனுப்பிய டாக்டர்' என்று ஒரு கட்டம். எழுதிக் கொடுத்தேன். கவுண்டர் பெண் என் கையெழுத்தைப் பார்த்து விழித்தாள்.

"சார், இவங்க எதுல ஸ்பெஷலிஸ்ட்?"

"வெட்டித் தைக்கிறதுல."

"பேரு சரியாப் புரியல. கம்ப்யூட்டர்ல ஏத்தணும், முழுசாச் சொல்லுங்க சார்."

அந்த ஒரு தடவை நான் சுருக்கவில்லை.

"முத்துச்செல்வி. லேடீஸ் டெய்லர். தேவாரம்."